பீடத்தின் முன்னால் மல்லாட்டை

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊர்க் கோடியில் எங்கள் கோயில். கோயில் என்று நான் சொல்வது கிறிஸ்தவ ஆலயத்தை; நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

என் மாமனார் சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் செய்யக் கூடாது என்கிற ஓய்வுநாள் கட்டளை என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய தண்ணீரைச் சனிக்கிழமையே பிடித்து வைத்துவிட வேண்டும். தேங்காய் உரிக்கக் கூடாது, துணிக்கு இஸ்திரி போடக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுந்த பட்டனைத் தைக்க ஊசியை எடுத்தேன். மனுஷன் மத்தியானம் சாப்பிடவே இல்லை. எனக்கும் வாய் சும்மா இருக்காது. "சோத்தப் பெசைஞ்சி வாயில வைக்கிறதுகூட வேலதான மாமா?" என்பேன். சிரிக்க மாட்டார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. சின்ன வயதிலிருந்து அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர் அவர். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கென்று இருந்தது. ஒருமுறை பண்ணை வீட்டுப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வரச் சொல்ல, இவர் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதோடு அங்கே வேலை போனது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரொம்ப கஷ்டப்பட்டிருக்கிறார்கள். அப்போதும் கட்டளையை விடவில்லை.

அதே பண்ணை வீட்டு மருமகள்தான் அந்தச் சனிக்கிழமை எங்கள் வாசலுக்கு வந்தார். பெரியவர் காலமாகி, நிலம் பங்கு பிரிந்து, இப்போது அந்த அக்கா தனியாளாகக் கொஞ்சம் நிலத்தில் பயிர் வைக்கிறார். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கென்று ஒதுக்கிய மல்லாட்டையைக் காயவைக்க இடம் இல்லை. கோயில் முன்னால் இருக்கிற சிமெண்டுத் தரையைக் கேட்டார்.

"பொண்ணுக்கு இடுப்பு வலி கண்டுடுச்சி. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாத்துக்கறேன், நீங்க தைரியமாப் போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

மாமனார் உள்ளேயிருந்து, "காய வச்சிக்கட்டும். ஆனா ஞாயித்துக்கெழம யாரும் அதத் தொடக் கூடாது" என்றார். கோடையில் மழை வந்தாலும் சாயங்காலம்தான் வரும் என்பதால் நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் ஆராதனையில் எல்லோரும் முழங்கால் போட்டுப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஓய்வுநாள் கட்டளைக்கு வரும்போது உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. போதகருக்கே புத்தகம் தெரியவில்லை. அடுத்து ஓர் இடி. நனைந்த மல்லாட்டை முளைவிட்டு வீணாகிவிடும். விதை போனால் அந்த அக்காவுக்கு ஆடியில் விதைக்க ஒன்றும் இல்லை.

மாமனாரைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். நான் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே ஓடினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தது முதுகில் தெரிந்தது. பார்க்கட்டும், கொடுத்த வாக்கு என்னுடையது.

கையால் கூட்டிக் கூட்டி அள்ளினேன். தூறல் ஆரம்பித்துவிட்டது. அப்போது பின்னால் மாமனாரின் குரல். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அள்ளிக்கினு எங்க போவப் போற? வீட்டுக்குப் போறதுக்குள்ள நனைஞ்சிடும். கோயிலுக்குள்ள கொண்டா!"

கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டார். ஜனங்கள் உட்கார்ந்திருந்த பாய்களை அவரே உருவிக்கொண்டு வந்தார். அப்புறம் யார் உள்ளே இருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச்சேலையின் மடியில் பெண்கள் அள்ள, ஆண்கள் பாயில் குவித்து நாலு மூலையையும் பிடித்துத் தூக்க, போதகர் அங்கியோடு வந்து நின்றார். "மிதிக்காதீங்க! ஓடு ஒடைஞ்சா வெதைக்கு ஆவாது. ஜல்தி, ஜல்தி!" என்று மாமனார் களத்து மேட்டில் நிற்பது மாதிரி சத்தம் போட்டார்.

கடைசிப் பாய் உள்ளே வந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. பீடத்துக்கு முன்னால் குவியலாக மல்லாட்டை. கோயில் முழுக்க மண் வாசனை. நாங்கள் உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நின்றோம். போதகர் மூச்சு வாங்கிக்கொண்டே, "கட்டளைய எங்க விட்டோம்?" என்று கேட்டார்.

"ஓய்வுநாள்லதாங்க ஐயா" என்றார் மாமனார். கோயிலே சிரித்துவிட்டது.

ஆராதனை முடியும் நேரம் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பண்ணை வீட்டு அக்கா இறங்கினார். வெறும் தரையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும், கொட்டுகிற மழையில் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அக்கா! இங்க வாங்க!" என்று கத்தினேன். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"உன் மல்லாட்ட உள்ள ஜம்முனு உக்காந்துக்கினு இருக்குது, நீ ஏம்மா வெளிய நிக்கற? உள்ள வா" என்றார் மாமனார்.

வந்தார். குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். காய்ந்த பருப்பு உள்ளே கடகடத்தது. அதற்கப்புறம்தான் அழுதார். "பொம்பளப் புள்ள பொறந்துருக்குது பெரியவரே" என்று மாமனாரிடம்தான் முதலில் சொன்னார்.

சாயங்காலம் நான் விடவில்லை. "இன்னிக்கி வேல செஞ்சிட்டிங்களே மாமா?" என்று சீண்டினேன்.

"அன்னிக்கி பண்ண வீட்ல கூப்ட்டாங்க, போவல. இன்னிக்கி யாரும் கூப்புடல, நானாப் போனேன். அது வேற, இது வேற" என்றார். அன்றைக்குச் சிரித்தார்.

குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளிலும் தூக்கிவிட மாட்டீர்களா என்று ஆண்டவர் கேட்டதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் மடியில் கனத்தது. ஆறு நாளில் எல்லாவற்றையும் படைத்து, நன்றாயிருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்பட்டவர், அதில் ஒரு பிடி விதை கண்ணெதிரே அழுகுவதைக் கைகட்டிப் பார்த்திருக்கச் சொல்லி ஒரு நாளைக் கொடுக்கவில்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

மாமனார் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தேங்காய் உரிக்க விடமாட்டார். ஆனால் ஓய்வுநாள் கட்டளை வரும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொள்கிறார். நானும் பார்க்கிறேன். கட்டளை கொடுத்தவரும் மழை கொடுக்கிறவரும் ஒருவரே என்பதால், அப்படிப் பார்ப்பதும் எங்களுக்கு ஜெபம்தான்.