எதிர் மேஜைக்குப் போன வரைபடம்

கட்டட அனுமதிப் பிரிவில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ‘அளவுகோல்’ என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் மேடம்தான். வரைபடத்தைக் கையில் வாங்கினால் முதலில் மாடிப்படியைப் பார்ப்பாள், பிறகு வெளியேறும் கதவு, பிறகு சாய்தளம். அரை விரல் குறைந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் தன் மருமகனின் கட்டடத்துக்காக நேரிலேயே வந்து உட்கார்ந்து, சிரித்து, குழைந்து பார்த்தார். “உங்க மருமகனும் அந்தப் படியிலதான் சார் ஏறணும்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வரைபடத்தை விரித்துக்கொண்டாள். அந்த மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட பிறவியை வளர்த்து ஆளாக்கியது அவளுடைய அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, அக்கா தையல் மிஷினை மிதித்து மிதித்தே தங்கையைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், “ஊர்ப்பட்ட உடம்பை அளந்தே அலுத்துப்போச்சு, ஒருத்தனை வேற தனியா அளக்கணுமா?” என்பாள். தங்கையின் பிள்ளைகளும் தலையெடுத்து வெளியூர் போய்விட்டார்கள். அக்கா மட்டும் அதே மூன்றாம் மாடி வாடகை வீட்டில் அதே மிஷினோடு இருந்தாள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம்.

முட்டி இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு அக்கா கீழே இறங்குவதே நின்றுபோனது. ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். காய்கறி ஏறும், தைக்க வேண்டிய துணி ஏறும், தைத்த துணி இறங்கும். எல்லாம் சரி, அளவு எடுப்பது எப்படி?

“கீழ நின்னு இடுப்பு எவ்ளோன்னு கத்திச் சொல்லுன்னா எந்தப் பொம்பளைடி சொல்லுவா?” என்று அக்கா சிரித்தாள். “சொன்னாலும் நிஜத்தைச் சொல்லுவாளா?”

சிரித்தாளே தவிர, வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. என்னோடு வந்து இரு என்று தங்கை தலைபாடாக அடித்துக்கொண்டாள். “வந்து? உன் வீட்டு டீவியை முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காரவா? எனக்கு நாலு பேர் மூஞ்சியைப் பாக்கணும்டி” என்று அக்கா மறுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய மர வாடி இருந்த இடத்தில் முதியோருக்கான குடியிருப்பு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கீழ்த்தளத்தில் கடைகளும் ஒரு மருத்துவமனையும், மேலே வயதானவர்களுக்கு ஒற்றை அறை வீடுகள், நடுவில் லிஃப்ட். அக்கா முந்திக்கொண்டு வாசலோரத்துச் சின்னக் கடையையும் அதற்கு நேர் மேலே ஒரு வீட்டையும் தனக்கென்று சொல்லிவைத்துவிட்டாள். காலையில் லிஃப்டில் இறங்கி, கடை திறந்து, வருகிறவர்களை நிற்கவைத்துக் கையால் அளவு எடுக்கலாம். வேறெந்த ஆசையும் இல்லாத பிறவிக்கு அது ஒன்றே ஆசையாகிவிட்டது. கடைக்குப் போடத் திரைச்சீலைகூடத் தைத்து முடித்துவிட்டாள். அனுமதி கிடைத்தால் ஒரே வருஷத்தில் கட்டி முடித்துவிடுவார்கள் என்றார்கள்.

திட்டம் யார் மேஜைக்கு வரும்? தங்கையின் மேஜைக்குத்தான் வந்தது.

அவள் வரைபடத்தை விரிக்கவே இல்லை. ‘இதில் என் உடன்பிறந்தவர் வீடு கேட்டிருக்கிறார், நான் பார்ப்பது முறையாகாது’ என்று எழுதி, வரைபடக் கட்டை அப்படியே எதிர் மேஜைக்குத் தள்ளிவிட்டாள். அலுவலக வழக்கமும் அதுதான். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

எதிர் மேஜைக்காரர் அவளிடம் வேலை கற்றவர். எப்போதோ ஒருமுறை அவசர வழிக் கதவு உள்பக்கமாகத் திறப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று எல்லார் முன்னிலையிலும் அவரை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். மனிதர் அன்றைக்குப் பயந்தவர்தான், இன்னும் தெளியவில்லை.

அவர் அந்தத் திட்டத்தை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு பருவம் போய் விளக்கம் வந்தது. மறுபடி வேறொன்று கேட்டார். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. ஒவ்வொரு முறையும் பேனாவை எடுப்பதற்கு முன் தலையை நிமிர்த்தி அவளையே பார்ப்பார். சலுகை காட்டட்டுமா என்று கேட்கிறார் போல என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்வாள்.

ஞாயிறுதோறும் அக்கா கேட்பாள். “என்னடி ஆச்சு?”

“என் மேஜையில இல்லக்கா.”

“எதிர் மேஜையிலதானே இருக்கு? எட்டி ஒரு வார்த்தை கேளேன். எனக்காகத் தப்பாப் பண்ணச் சொல்லல. எங்க நிக்குதுன்னு கேளு, போதும்.”

“கேட்டா அதுவே சிபாரிசுதான்க்கா.”

“இந்த மேஜையிலேருந்து அந்த மேஜைக்கு இவ்ளோ நாளா? நான் தவழ்ந்தே போய்ச் சேந்திருப்பேன்” என்பாள் அக்கா. அப்புறம் அவளே தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்து, “சரி விடு, நீ இப்படி இருக்கறதும் எனக்குப் பெருமைதான்” என்பாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெருமைதான் பின்னால் தங்கையைப் படுத்தி எடுத்தது.

ஒரு நாள் முற்பகலில் அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். அக்காவுக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அவள் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினாள். வாசலில் வண்டி நின்றது, அக்கா வண்டியில் இல்லை. ஸ்ட்ரெச்சர் மாடிப்படியின் திருப்பத்தில் திரும்பவில்லை. முன்னே போகாமல் பின்னே வராமல் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் அதைத் திரும்ப மேலே ஏற்றி, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரிலுள்ள மாடிப்படியெல்லாம் அளந்தவள், அக்கா இறங்கி வருவதை வெறும் கையோடு கீழே நின்று பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

வாசலுக்கு வந்ததும் அக்கா கண்ணைத் திறந்து தெருவைப் பார்த்தாள். “பாத்தியாடி, கீழ வந்துட்டேன்” என்றாள்.

மருத்துவமனைக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, பிரிவுத் தலைவர் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். “ரொம்ப நாளா இழுக்குது. இனிமே நீங்களே பாத்துடலாம். உங்களுக்கு இதுல இப்ப யாரும் இல்லையே” என்றவர், சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் முதல்முறையாக அந்த வரைபடத்தை விரித்தாள். வாழ்க்கையில் ஒரு வரைபடத்தில் தப்பு இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஒரே ஒரு பிசகு இருந்தால் போதும், தாமதத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். மாடிப்படியை அளந்தாள், சரியாக இருந்தது. கதவுகள் வெளிப்பக்கம் திறந்தன. சாய்தளம் சரி. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் தாராளமாக நுழைந்து திரும்பும். சரக்கு வண்டி எங்கே நிற்கும் என்று எதிர் மேஜைக்காரர் கேட்டிருந்தார், அது முதல் நாள் கொடுத்த படத்திலேயே இருந்தது. கேட்ட கேள்வி அத்தனைக்கும் பதில் கேட்பதற்கு முன்பே அதில் இருந்தது. சாப்பாட்டு நேரம் போய், டீ ஆறிப்போய், அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

கடைசியில் எழுந்து எதிர் மேஜைக்குப் போனாள்.

“மொதல்லயே எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? ஏன் திருப்பி அனுப்பினீங்க?”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “சரியாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா, உங்க அக்காவுக்காகக் கண்டுக்காம விட்டுட்டேன்னு நீங்க நினைச்சிடக் கூடாதுன்னுதான்... ஒவ்வொரு தடவையும் உங்களைப் பாத்தேன். போதும், அனுப்புன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. சரி, இன்னும் ஏதோ இருக்கு போல, எனக்குத்தான் தெரியலைன்னு நினைச்சேன்.”

அவரைத் திட்டவாவது ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாள். கிடைக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த வரைபடத்தின் மேலேயே கவிழ்ந்து, அலுவலகம் மொத்தமும் பார்க்க வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் போவதா வேண்டாமா என்று தெரியாமல் ஆளாளுக்கு நின்றார்கள்.

“கேட்டிருக்கலாம்க்கா” என்றாள். “எட்டி ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.”