முள்ளு சாருக்குக் கிடைத்த அறை

பட்டறையில் அவருக்கு முள்ளு சார் என்றுதான் பேர். எல்லோர் மேசையிலும் வோல்ட் அளக்க டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகும், முள் வைத்த பழைய மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். "நம்பர் காட்டுறது வாய்க்கு வந்ததைச் சொல்லும். முள்ளு நடந்து போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்" என்பார்.

தலைமைப் பரிசோதகர் வேலையை விட்டுப் போனதிலிருந்து, கதவும் மின்விசிறியும் உள்ள அவருடைய அறை காலியாகக் கிடந்தது. அதன் மேல் முள்ளு சாருக்கு ஒரு கண். உண்மையைச் சொன்னால், இரண்டு கண்ணும். "கோழிப்பண்ணை ஆர்டர் ஒழுங்கா போகட்டும், அறையைப் பத்திப் பேசலாம்" என்றிருந்தார் முதலாளி.

ஆர்டர், முட்டை பொரிக்கும் பெட்டிகளுக்கான வெப்ப சென்சார்கள். சூடு சரியாக இருந்தால் ஐந்து வோல்ட் வர வேண்டும்; சூடு ஏறினால் வோல்ட்டும் ஏறும். வடிவமைத்தவன் முள்ளு சாரின் மனைவியுடைய தம்பி. வேலையும் அதே பட்டறையில், குடித்தனமும் அதே வீட்டு மாடியில்.

சோதனைக்கு வந்த முதல் சென்சாரில் முள்ளு சார் மீட்டரை வைத்ததும் முள் மூன்றேகாலைத் தாண்டி நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே.

"என்ன மாப்ளே, உன் சென்சாரெல்லாம் பட்டினி கெடக்கு?"

"இல்ல மாமா. இதோட வெளியீட்டுத் தடை அதிகம். துளி கரண்ட்தான் குடுக்கும். உங்க முள்ளு நகர்றதுக்கு அந்தத் துளியிலேயே பங்கு கேக்குது. அதான் வோல்ட் எறங்குது."

"அப்ப என் மீட்டர் திருடுதுங்கிற?"

"திருடல மாமா. குடிக்குது."

இது இன்னும் மோசமாகப் பட்டது முள்ளு சாருக்கு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒவ்வொரு சென்சாரையும் முள் ஐந்துக்கு வரும்வரை திருகி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். மீட்டரை எடுத்ததும் அவை ஏழரைக்குப் போனதை மாப்பிள்ளை மட்டும்தான் பார்த்தான். அக்காவிடம் போய்ப் புலம்பினான்.

"வீட்டுலயும் அப்படித்தான்டா" என்றாள் அக்கா. "சூடு பாக்குறேன்னு என் காப்பியில பாதியக் குடிச்சுருவாரு. அப்புறம், 'ஏன் உனக்குக் கொஞ்சமா ஊத்திக்கிட்ட?'ம்பாரு."

பெட்டிகள் ஏழரையைப் பார்த்துச் சூடு மிஞ்சிவிட்டதாக நினைத்து ஹீட்டரை அணைத்துவிட்டன. முட்டைகள் குளிர்ந்தன. பண்ணைக்காரர் ஒரு தட்டு முட்டையோடு வந்து முதலாளியின் மேசையில் வைத்தார். "குஞ்சு வரும்னீங்க. நாத்தம்தான் வருது."

முள்ளு சார் அசரவில்லை. "என் மேசையில அஞ்சுதான் சார் இருந்துச்சு. மீட்டர் மாட்டியிருந்தா சரியா இருக்குல்ல? மீட்டருக்குப் பதிலா, அதே அளவு ரெசிஸ்டர் ஒண்ணை ஒவ்வொண்ணுலயும் பத்தவச்சுருவோம்."

முதலாளிக்கு யோசனை பிடித்துப்போனது. திரும்பி வந்த ஒரு சென்சாரில் பற்றவைத்துப் பார்த்தார்கள். கரண்ட் குடிக்காத டிஜிட்டல் மீட்டர் துல்லியமாக ஐந்து காட்டியது. முதலாளியின் கை அறைச் சாவிக்குப் போனது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முத்திரை குத்துமுன் தன் முள்ளால் பார்க்காமல் அவரால் இருக்க முடியுமா? பார்த்தார். முள் மூன்றேமுக்காலில் நின்றது.

"சார், இப்பவும் குறையுது!"

"இப்ப ரெண்டு பேர் குடிக்கிறாங்க மாமா" என்றான் மாப்பிள்ளை. "ரெசிஸ்டர் ஒண்ணு, நீங்க ஒண்ணு."

முதலாளி முட்டைத் தட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். பிறகு சாவியை முள்ளு சாரிடம் கொடுத்தார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார்: சென்சார்களை இனி மாப்பிள்ளை வெளிமேசையில் பார்ப்பான். பட்டறையின் இன்னொரு சரக்கான பவர் சப்ளை பெட்டிகள் மட்டும் தலைமைப் பரிசோதகரின் அறைக்குப் போகும். அவை தெம்பானவை. முள் எவ்வளவு உறிஞ்சினாலும் அவற்றுக்கு உறைக்காது.

அன்று முதல் அந்த அறைக்குள் போன எதுவும் குறைவாகக் காட்டவில்லை.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு. "நான் பொறுப்பெடுத்ததும் பட்டறையோட தரமே ஏறிடுச்சு."

"பாத்தேங்க. நல்லாருக்கு" என்றாள் அவள். "அந்த ரூம் கதவை மட்டும் எப்பவும் சாத்தியே வச்சுக்குங்க."