ஐந்து ஜாம் பாட்டில்கள்

உலகம் உண்டான நாள் முதல் மூக்கு என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ளவை இரண்டே இரண்டு. ஒன்று யானையுடையது. இன்னொன்று என் அத்தையுடையது. போட்டி வைத்தால் யானைக்கு ஆறுதல் பரிசுதான். தெருமுனையில் நின்றபடியே, எங்கள் மாடியில் எந்தத் தலையணை சரியாகக் காயவில்லை என்று சொல்லிவிடுவாள். சமுத்திரத்தைக் கொடுத்தால் அதையும் உலர்த்தி வாடகைக்கு விட்டுவிடுவாள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பினார்கள்.

பூட்டிக் கிடந்த வீடுகளில் பூஞ்சை வாடையைப் போக்குவது அவள் தொழில். வேலை நாளில் வெங்காயம் தொடமாட்டாள். போனதும் சன்னல்களைத் திறப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். "ஒளிஞ்சிருக்கிறது வெளிய வரணும்ல" என்பாள். பிறகுதான் அலமாரிகளைச் சுவரைவிட்டு ஒரு சாண் நகர்த்துவதும், இழுப்பறைகளை வெயிலில் கவிழ்ப்பதும், வினிகர் கலந்த தண்ணீரால் துடைப்பதும், மூலைகளில் கரித்துண்டு முடிச்சு வைப்பதும். கடைசியில் பஞ்சு. அறைக்கு ஓர் உருண்டையாக ஒருநாள் முழுக்க வைத்திருந்து, ஜாம் பாட்டில்களில் போட்டு இறுக்கி மூடி, வாசற்படிக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாள். அவள் தலையசைத்தால்தான் சாவி கைமாறும்.

பத்தாம் வகுப்பு என்னை இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னபிறகு, நான் அவளோடு வாளி தூக்கப் போனேன். பொழுது போகாவிட்டால் ஈர சாக்ஸை அவள் பையில் ஒளித்துவைப்பேன். இரண்டு நிமிடம் தாண்டியதில்லை.

"ஏய் குரங்கு, உன் சாக்ஸு உன்னைக் கூப்பிடுது. போய் என்னன்னு கேளு."

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை அம்மா ஒருமுறை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். கல்யாணமான புதிதில் அத்தை குடியிருந்தது ஒற்றை அறை. அதன் பின்சுவர் எந்நேரமும் வேர்த்துக் கிடக்குமாம். அங்கேதான் அவள் பையன் எட்டு மாதம் இருமினான். ஒன்பதாவது மாதம் இருமவில்லை. இருந்திருந்தால் என்னைவிட ஒரு வயது பெரியவன். நான் எதை வேண்டுமானாலும் கேலி செய்வேன். அதைச் செய்ததில்லை.

இந்த வருஷம் அத்தை காய்ச்சலில் பத்து நாள் படுத்தாள். பதினோராம் நாள் எழுந்து கட்டிலை இழுக்க ஆரம்பித்தாள்.

"எங்கயோ மக்கின வாடை வருதுடி."

"எனக்கு ஒண்ணும் வரலையே அத்தை."

"உனக்குச் சளி."

கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. பீரோவுக்குப் பின்னாலும் இல்லை. ஆனால் அவளுக்கு டீயில் வந்தது, சோப்பில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி குளிப்பாட்டித் தூக்கிவந்த குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தவள், முகம் வெளுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று என்னிடம் மட்டும் சொன்னாள்:

"அந்த ரூம் வாடைடி. அதே செவுரு. எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கு."

"அப்போ அதுகிட்ட வாடகை வாங்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு, காலி வீட்டுக்குள் நுழைந்தால் நானும் முதலில் பின்சுவரைத்தான் பார்த்தேன்.

சந்தேகம் தீர, பழையபடி ஓர் ஈர சாக்ஸை அவள் பையில் வைத்தேன். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நானே எடுத்து எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஐந்து அறை வீடு ஒன்று வந்தது.

"ஞாயித்துக்கிழமை குடிவராங்கம்மா, கைக்குழந்தைக்காரங்க. நீங்க சரின்னா சாவி குடுத்துடுவேன்" என்றார் வீட்டுக்காரர்.

மூன்று நாள் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். விரல் நுனிகள் வினிகரில் வெடித்திருந்தன. நடுநடுவே சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடி நிற்பாள், அந்தப் பக்கம் யாரோ இருமுவதைக் கேட்கிறவள்போல.

சனிக்கிழமை ஐந்து பாட்டில்களும் வாசற்படியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக முகர்ந்தாள். முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சுலயும் இருக்கு."

பிறகு, யாரையும் தொடவிடாத அந்தப் பாட்டில்களை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ பாரு."

முதல் மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவது சமையலறைப் பாட்டில், சிங்க் அடி அலமாரியில் வைத்த பஞ்சு. நனைந்த சாக்குபோல மெலிசாக ஒரு வாடை. ஐந்தாவது சுத்தம். அவள் விரல்களைப் பார்த்தேன். ஒன்றில் இருக்கிறது என்றால் ஐந்து அறையையும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"அஞ்சும் சுத்தம் அத்தை. அந்த ரூம் உன் மண்டைக்குள்ளதான் இருக்கு. கிளம்பு, பசிக்குது."

அவள் நான்காவது பாட்டிலைத் தட்டினாள்.

"இதை மோந்தப்ப உன் மூக்கு சுருங்குச்சு."

"தும்மல் வந்துச்சு."

"என் மூக்கு போச்சுன்னு எனக்குத் தெரியாதாடி? நான் பாட்டிலையா பார்த்தேன், உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். அன்னைக்குப் பையில சாக்ஸ் வெச்சியே, கையை விட்டதும் தெரிஞ்சுது. வாய் வலிக்கச் சிரிக்கிற கழுதை, சத்தமில்லாம எடுத்து எறிஞ்சுட்ட. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், நீ என்னைப் பார்த்துப் பாவப்படுறன்னு."

வரிசையாகப் பத்துப் பொய்கள் எப்போதும் என் வாயில் தயாராக இருக்கும். அன்று நான்காவது பாட்டிலின் மூடியைத் திருகி மூடிக்கொண்டிருந்தேன்.

"அந்த ரூம்லயும் வந்தவங்க எல்லாரும் வாடையே இல்லன்னுதான் சொன்னாங்க" என்றாள் அத்தை. "என் மனசு நோகக்கூடாதுன்னு."

முழங்காலில் கை ஊன்றி எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டாள். சிங்க் அடியில் குழாய் கசிந்துகொண்டிருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றாள்.

"மத்த நாலும்?"

"சத்தியமா ஒண்ணுமில்ல அத்தை."

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. மூக்கைத்தான் பார்த்தாள், வெகுநேரம்.