கைக்குப் பின்னால் வந்த சத்தம்

குரல் செய்தியில் இருந்த பெரியவர் கோபமாக இருந்தார். "பாஸ், ஒங்க ஆளு இது டிரைவர் ப்ராப்ளம்னு எழுதி அனுப்பியிருக்காரு. நான் முப்பது வருஷம் லோரி ஓட்டினவன். சும்மா டிரைவர்மேல பழி போடாதீங்க லா. ஒங்க பொட்டிதான் சரியில்ல."

பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் தங்கள் மைக்கைக் கணினியோடு இணைத்துக்கொள்ள ஒரு சின்ன ஒலிப்பெட்டி செய்து விற்கிறது எங்கள் நிறுவனம். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே இருந்து இரண்டையும் பேசவைக்கும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது என் வேலை. ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்த அலுவலகத்தைச் சுருக்கி எங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பிறகு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கும் என் அறையே அலுவலகமாகிவிட்டது. காலையில் கீழே கடையில் பால் இல்லாத தேநீருக்கு "தே ஓ" என்று சொல்வேன். மறுநாள் காலை அதையே சொல்லும்வரை வேறெதுவும் பேசாத நாட்கள் உண்டு. சோதனைக்காக ஒரே சுருதியில் ஒரு சத்தத்தைப் பகல் முழுக்க ஓடவிட்டிருப்பேன். சோதனை முடிந்த பிறகும் சில நேரம் அதை நிறுத்த மாட்டேன்.

பெரியவரைத் திரும்ப அழைத்தேன். "ஓ, பொம்பளப் புள்ளையா?" என்றவுடன் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவர் வீடு கிள்ளானில். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் மனைவி பாடுவார், இவர் தபலா வாசிப்பார், அதை நேரலையில் போடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளும் சொந்தக்காரர்கள் சிலரும் பார்ப்பார்கள்.

"மொத அரை மணி நேரம் ஓகேமா. அப்புறம் என் கை மொதல்ல விழுது, சத்தம் பின்னால வருது. போகப் போக ரொம்பப் பின்னால போயிடுது. இன்னொண்ணு, ஒரு வாட்டி ஆன்டியோட கொரலு திடீர்னு கீச்சு கீச்சுன்னு சின்னப் புள்ளை மாதிரி ஆயிடுச்சி. எல்லாரும் சிரிக்கிற படம் போட்டாங்க. அவ அன்னிக்கு சாப்பிடவே இல்ல."

என் மேசையில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் அந்தக் கோளாறு வரவில்லை. வேறொரு பெட்டியை அனுப்பிவிடலாம் என்று மேலாளர் எழுதினார். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று நான் பதில் எழுதினேன். அப்படி ஒருவர் வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை.

கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறி, அந்த வெள்ளிக்கிழமை கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். மாடி இல்லாத வரிசை வீடு. ஆன்டி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்டியாமா?" இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாது. மீன் குழம்போடு சோறு வந்தது. அவர்கள் முன்னறையில் விரிப்பைப் போட்டுத் தயாராவதைப் பார்த்தபடி நான் சாப்பிட்டேன். அங்கிள் டிவிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கீச்சுக் குரலின் காரணம் அன்றே தெரிந்துவிட்டது. ஆன்டி ஒரு பாட்டுக்கு முன்னால் சுருதி பிடிப்பதற்காக, அதே கணினியில் பழைய பதிவு ஒன்றைக் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டார். கணினி ஒலியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாங்கும். நேரலை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு கேட்டிருந்தது. பழைய பதிவோ நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டில் செய்தது. டிரைவர் அந்தப் பதிவுக்காகப் பெட்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, நேரலைக்குத் தகவல் சொல்லாமல் விட்டது. குறைவாக வந்த துண்டுகளை நேரலை பழைய வேகத்திலேயே ஓட்டியது. குரல் உயர்ந்துவிட்டது. ஒருவர் பதிவு செய்துகொண்டிருக்கும்போது பெட்டியின் வேகத்தை யாரும் மாற்றக் கூடாது, ஓடவிடும் பதிவைத்தான் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும். அதை எழுத எனக்கு அதிக நாள் ஆகவில்லை.

"அப்ப என் கொரலுல ஒண்ணும் கொறை இல்லையே?" என்று ஆன்டி கேட்டார்.

"இல்லவே இல்ல ஆன்டி. தப்பு எங்க பக்கம்தான்."

"இவருகிட்ட நல்லா சத்தமா சொல்லிட்டுப் போ."

இரண்டாவது கோளாறு அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு, அங்கிள் சொன்னது போலவே, திரையில் கை விழுந்த பின் சத்தம் வந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஆம்ப்ளிஃபையரின் மேல் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஏர்கானும் கிடையாது. பெட்டிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, நகத்தளவு கூட இல்லாத ஒரு படிகம். கணினிக்குள் இன்னொன்று. இரண்டும் ஒரே வேகம் என்று சொல்லிக்கொள்ளும். ஆனால் இந்தப் பெட்டியின் படிகம் சூட்டில் ஒரு துளி வேகமாக ஓடி, கணினி எதிர்பார்த்ததைவிடச் சில துண்டுகள் கூடுதலாக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கூடுதல் சேரச் சேர சத்தம் பின்தங்கியது. குளுகுளு அறையில் வைத்துச் சோதித்த எனக்கு அது எப்படித் தெரியும்?

அங்கிளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் புரியலமா. ஆனா செஞ்சிடுவ இல்ல?" என்றார்.

"செஞ்சிடுவேன் அங்கிள்."

கிளம்பும்போது ஆன்டி மெதுவாகக் கேட்டார். "இன்னிக்கு கடைசிப் பாட்டு எப்படி இருந்திச்சி?"

இரண்டு வாரமாக அவருக்கு ஒரு கைநீளத் தூரத்தில் உட்கார்ந்து, இடையில் சொடுக்குச் சத்தம் வருகிறதா, துண்டு விட்டுப்போகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு காதில் விழவில்லை. பொய் சொல்ல வரவில்லை.

"ஆன்டி, நான் கோளாறைத்தான் கேட்டேன். பாட்டைக் கேக்கல."

அவர் என் தோளைத் தொட்டார். "பாவம்மா நீ," என்றார். அதில் தனக்கான வருத்தம் இல்லை, என்மேல் இரக்கம்தான் இருந்தது. ரயிலில் வரும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

பெட்டியிலிருந்து உண்மையில் எத்தனை துண்டு வருகிறது என்று கணினியின் கடிகாரத்தை வைத்து அளந்து, கூடுவதையும் குறைவதையும் தொடர்ந்து சரிக்கட்டும்படி டிரைவரை மாற்றி எழுதினேன். முதலில் எழுதியது அவசரப்பட்டது. வித்தியாசத்தைப் பார்த்தவுடன் இழுத்துப் பிடித்தது. "இழுத்துப் பாடுற எடத்துல என் சுருதி நடுங்குதுமா," என்று ஆன்டி போனில் சொன்னார். என் அளக்கும் கருவியில் அந்த நடுக்கம் சரியாகத் தெரியவில்லை. மெதுவாக, யாருக்கும் தெரியாமல் சரிசெய்யும்படி மறுபடி எழுதினேன்.

கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் தாண்டியும் கையும் சத்தமும் ஒன்றாகவே இருந்தன. மகள் திரையில் "இப்ப பெர்ஃபெக்ட்டா இருக்குப்பா" என்று எழுதினாள். நான் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஆன்டியின் குரல் வயதான குரல்தான், மேலே போகும்போது கொஞ்சம் கம்மும். அங்கிள் தபலாவைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்து வாசித்தார். ஃபேன் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாட்டு முடியக் கூடாது என்று நினைத்தேன்.

வாசல்வரை வந்து அங்கிள் கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப அலைச்சல் குடுத்திட்டோம். இனிமே நீ இவ்வளவு தூரம் வர வேணாம்மா."

ஆன்டி ஒரு டப்பாவில் முறுக்கு கட்டிக் கொடுத்தார். மறுபடி வருகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது என்று யோசிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என் அறையிலிருந்து நேரலை பார்த்தேன். என் நாற்காலி இருந்த இடத்தில் அவர்கள் துணிக்கூடையை வைத்திருந்தார்கள். ஒரு வாரம் "சவுண்ட் நல்லா இருக்கு" என்று எழுதினேன். என் கணக்கில் பெயர் இல்லை. அங்கிள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அதைப் படித்து, "யாருன்னு தெரியல, தேங்க்ஸ்," என்றார். நான்தான் என்று எழுத விரல் வரவில்லை.

சில வாரம் கழித்து நேரலை வரவில்லை. மகளுக்குப் பிரசவம் என்று இருவரும் அங்கே போயிருந்தார்கள். அங்கிளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "பேத்தி பொறந்திருக்கா. இங்கயே இருன்னு மக சொல்லுது. ஒங்க பொட்டியக் கொண்டு வந்திருக்கேன், ஆனா தபலா தட்டுனா கீழ் வீட்டுக்காரன் வந்திடுறான். அதனால சும்மாதான் இருக்கு. நீ நல்லா இரும்மா." பின்னால் குழந்தை அழுதது. ஆன்டி ஏதோ சொல்லிக்கொண்டே அதைத் தூக்கினார். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

வாழ்த்துகள் என்று பதில் அனுப்பினேன். அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் அறையைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி, மோனோரயில் பாதையின் அடியில் நடந்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. பரிமாறுகிற பையன் இலைக்கட்டோடு வந்து, "அக்கா, எத்தன பேரு?" என்று கேட்டான்.

"ஒரு ஆள்தான்," என்றேன். அவன் என்னைச் சுவரோரம் இருந்த மேசைக்கு அழைத்துப் போனான்.