நான் திருத்திய வரி

போன வருடம் மழைக்காலத்தில், அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்டில் நடந்தது இது.

முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்தவள் நான். ஓய்வு பெற்றது ஆள்தான், சிவப்புப் பேனா இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யார் தப்பாக எழுதினாலும் உடனே திருத்தம் போட்டுவிடுவேன்.

மாடி வீட்டு பாயின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, வலது கையும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியதும் எல்லா வீட்டிலிருந்தும் முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து பாயின் எண்ணிலிருந்து குழுவுக்கு ஒரு வரி வந்தது. 'நெவர் ஹேவ் ஐ ஃபெல்ட் அலோன் ஹியர்.' இங்கே ஒருநாளும் தனியாக இருப்பதாகத் தோன்றியதில்லை என்று ஒரு மனசு சொல்கிறது. நானோ சொற்களின் வரிசையைப் பார்த்தேன். 'ஐ ஹேவ் நெவர்' என்று வரவேண்டும் என எல்லோருக்கும் முன்னால் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வரி அழிக்கப்பட்டு, 'நன்றி டீச்சர்' என்று மட்டும் வந்தது.

மறுநாள் போனில் மகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அம்மா, அது தப்பே இல்ல. ஃபார்மல் இங்கிலீஷ்ல அழுத்திச் சொல்லணும்னா அப்படித்தான் மாத்திப் போடுவாங்க. நல்லா படிச்சவங்க எழுதுன வரி அது," என்றாள்.

வெட்கத்தோடு மாடியேறிப் போய் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் எங்க டீச்சர் எழுதுனேன்? இவ எழுதுனது. காலேஜ்ல இங்கிலீஷ் படிச்சவ. இடது கையால காலைல பூரா உக்காந்து தட்டுனா. வூட்டுக்கு வந்தப்புறம் இவ சொன்ன மொத வார்த்தை அதான்," என்றார் மனைவியைக் காட்டி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, குழுவுக்குப் போட என் போனில் எழுதினேன். 'தப்பு என்னுடையது. அந்த வரி சரியானது. பாவம், பாயின் மனைவி இடது கையால் எழுதியது.' அனுப்பும் முன் அந்த அம்மாவிடம் காட்டினேன். போனை வாங்கி, இடது கை விரலால் மெதுவாக, 'பாவம்' என்ற சொல்லை மட்டும் அழித்தார். பிறகு ஒரு பக்க உதட்டால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போதும் யார் எழுத்தையாவது திருத்தக் கை பரபரக்கும்போது, அந்த இடது கை நினைவுக்கு வந்து, முதலில் எழுதியவர் சொல்ல வந்ததைப் படி என்று என்னைத் தடுத்துவிடுகிறது.