பந்த் ஆன விதை

சிரிக்காதீர்கள், நான் பாகல் விதைக்குப் பயந்து நடுங்கியவள்.

ஹட் பே தீவுக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாகல் பந்தல் உண்டு. வீட்டுக்காரர் கடலுக்குப் போக முடியாத மழை மாதங்களில் அந்தக் காயை விற்றுத்தான் அடுப்பு எரியும். முந்தின வருடம் போர்ட் பிளேரில் வாங்கிய, சிவப்புச் சாயம் பூசிய விதை கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. சில காய்களைப் பழுக்கவிட்டு விதை எடுத்துவைத்து, இந்த வருடம் அத்தனையையும் ஊன்றினேன்.

அதே வாரம் ஒரு விவசாயப் பயிற்சி. வந்திருந்த அதிகாரி இந்தியில் விளக்கினார். மரபணு மாற்றிய பயிரில், ஒரு ரசாயனம் பட்டால் வேலையைத் தொடங்குகிற மரபணுவை வைக்க முடியுமாம். அந்த ரசாயனத்தில் நனைத்து விற்கும் விதை நன்றாகக் காய்க்கும். அந்தக் காயிலிருந்து நாம் எடுக்கும் விதை முளைக்காது. "பீஜ் அந்தர் ஸே பந்த்", விதை உள்ளேயே மூடிக்கொள்ளும் என்று சொல்லி, பூட்டுவதுபோல் விரல்களை மூடிக் காட்டினார். இது கடைக்கு வரவில்லை, நம் நாட்டில் அனுமதியும் இல்லை என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவே இல்லை. அந்த ரசாயனம் இதுதானோ என்று சிவப்புச் சாயம்தான் கண்ணுக்குள் நின்றது.

எட்டு நாளாகியும் ஒன்றுகூட வெளியே தலைகாட்டவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்க் குழிகளைப் பார்ப்பதே வேலையாயிற்று. 

"ஏளா, சும்மா கெட. கப்பலே பத்து நாள் லேட்டா வருது, வெத வரக்கூடாதா?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, கேலிக்குக் குறைச்சலில்லை.

பொறுக்க முடியாமல் போர்ட் பிளேர் விதைக்கடைக்காரருக்கு போன் போட்டேன். ரகத்தின் பெயரைச் சொன்னதுமே, "வோ பீஜ் தோ பந்த் ஹோ கயா, தீதி" என்றார். அந்த விதை பந்த் ஆகிவிட்டதாம். அதோடு லைன் அறுந்துவிட்டது.

பந்த். அதே வார்த்தை. களைக்கொத்தோடு ஓடி, குழி குழியாகக் கிளறினேன். உள்ளே பூட்டிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. மூச்சு வாங்கி நின்றபோதுதான் குனிந்து பார்த்தேன். ஓடு பிளந்து, வெள்ளை வேர் விட்டிருந்த விதைகள் முறிந்து கிடந்தன. கிளறாத குழி நான்குதான் மிச்சம்.

சாயங்காலம் கடைக்காரரே கூப்பிட்டார். கம்பெனி அந்த ரகத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டதாம், இனி மெயின்லேண்டிலிருந்து வராதாம். அதைத்தான் பந்த் என்று சொல்லியிருக்கிறார்.

"உங்ககிட்ட அந்த விதை இருந்தா எனக்கும் கொஞ்சம் வேணும் தீதி" என்று இந்தியில் கேட்டார்.

இல்லை என்றேன்.