கண் திறந்து தரப்படும்

ஞானாபரணத்தின் பலகையில் மூன்று வரிகள் இருந்தன. படம் பெரிதாக்கித் தரப்படும். நகை, சட்டை மாற்றித் தரப்படும். கண் திறந்து தரப்படும். டவுன்ஹால் பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே அடங்கிய சின்ன அறை அது. மூன்றாவது வரிக்காகத்தான் சூலூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் அநேகம். இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த படம் ஒன்றுதான் மிஞ்சும். அதை எடுத்துக்கொண்டு வீட்டார் வருவார்கள். அவர் அதைப் பார்த்துப் பெரிதாக வரைவார். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணியை நீக்குவார். மூக்குப் பஞ்சு போகும். நெற்றிக் காசு போகும். சாய்ந்த தலை நிமிரும். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். படத்தை வாங்கியவர்கள் வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுவதை அவர் மகள் கிளாடிஸ் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள்.

சாமான் வாங்குவதில் அவர் ஒரு தொந்தரவு. யூனுஸ் பாய் கடையில் பிரஷ் பெட்டியை முழுதாகக் கொட்டச் சொல்வார். ஒவ்வொன்றாக நாக்கில் நனைத்து, விரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். முனை ஒற்றை முடியாக நின்றால் ஒரு பக்கம், பிரிந்தால் மறுபக்கம். நீங்கள் எச்சில் பண்ணிய மிச்சத்தை யார் தலையில் கட்டுவது என்று பாய் கேட்பார். ஸ்கூல் பிள்ளைகள் தலையில் கட்டுங்கள், அவர்களும் வாயில்தான் வைக்கப்போகிறார்கள் என்பார் இவர். கடைசியில் ஒரே ஒரு பிரஷ் வாங்குவார். கறுப்புக்குப் புகைக்கரித் தூளும், தேய்க்கக் காகிதச் சுருளும் தானே செய்துகொள்வார். தாள் மட்டும் மழமழப்பானது ஆகாது. சொரசொரப்பு இருந்தால்தான் கரி ஒட்டும்.

கிளாடிஸ் கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்து, காந்திபுரத்தில் ஒரு அச்சக ஆபீசில் சேர்ந்தாள். ஸ்கேனரும் போட்டோஷாப்பும் அவள் பொறுப்பு. ஒருநாள் அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பழைய படத்தின் விரிசலை மவுஸால் தடவித் தடவி அவள் மறைத்ததை அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. மவுஸை வாங்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சோப்புக்கட்டிய வெச்சு எப்படி அம்மணி இமைமுடி வரையறது?"

பேனா மாதிரியே ஒன்று இருக்கிறது, பலகைமேல் எழுதினால் திரையில் விழும், மெட்ராஸில் கிடைக்கும் என்றாள். அதன் முனை எவ்வளவு மெலிசு, நனைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேட்டார். அடுத்த வருடம் வாங்கலாம் என்று பேச்சு முடிந்தது.

அடுத்த வருடம், 1997 ஐப்பசியில், ஒரு பகல் வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் நினைவு ஆராதனை. சபையாருக்குக் கொடுக்க அட்டை அடிக்க வேண்டும். முகப்பில் அவர் படம் வேண்டும். அவருக்குத்தான் படம் இல்லை. கல்யாணப் படம் கூரை ஒழுகிக் கரைந்துபோயிருந்தது. சவப்பெட்டியில் வைத்துப் படம் எடுக்க வந்த ஆளை அம்மா கிருபாவதி திருப்பி அனுப்பியிருந்தாள். மிச்சம், வாக்காளர் அட்டையில் இருந்த கட்டைவிரல் அளவு முகம். ஃபிளாஷ் என்றால் அவர் இமை நிற்காது. அதிலும் கண் மூடியிருந்தார்.

அதையே போட்டுவிடலாமா என்று கிளாடிஸ் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் தொறந்து குடுத்த மனுசன்," என்றாள் அம்மா. "அவர மூடுன கண்ணோட அச்சடிக்காத கண்ணு."

அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

கிளாடிஸ் அட்டையை ஸ்கேன் செய்தாள். பெரிதாக்கினால் முகம் புள்ளிபுள்ளியாகக் கலைந்தது. புள்ளிகளை மழுக்கி, நிழலை ஏற்றி, முகத்தை ஒருவழியாகக் கொண்டுவந்தாள். கண் வரவில்லை. ஆபீசில் மாடல் படங்கள் அடங்கிய சி.டி. இருந்தது. அதிலிருந்து ஒரு கண்ணை எடுத்து வைத்தாள். சோப்பு விளம்பரக்காரர் அப்பா மூக்கை மாட்டிக்கொண்டு வந்தமாதிரி இருந்தது. தன் கண்ணையே படம் எடுத்து வைத்தாள். அது அவளே மீசை ஒட்டிக்கொண்டது போல ஆயிற்று.

திரையை விட்டுவிட்டு அப்பாவின் பெட்டியைத் திறந்தாள். பிரஷ்கள் முனை கலையாமல், ஒவ்வொன்றும் ஒரு சோடா ஸ்ட்ராவுக்குள் இருந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் நனைத்தாள். முனை நின்றது. தாளில் வைத்ததும் கோடு கோணியது. கைமட்டும் காரணம் அல்ல. அப்பாவின் கருமணி எந்த அளவு, வெள்ளை எவ்வளவு தெரியும், மேலிமை எங்கே மடியும், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. கூடவே இருந்தவள். பார்த்துவைக்கவில்லை.

மூன்றாவது தாளையும் கிழித்துப்போட்டபோது அம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு மட்டும் செத்தவங்க கண்ணைக் கண்டாரா அம்மணி? எப்படிங்க இருக்கும்னு கேட்டா, நல்லா இருக்குமுங்கன்னு சொல்லுவாங்க. அத வெச்சு என்ன வரையறது? காலைல சேவிங் கண்ணாடிய ஜன்னல்ல மாட்டி, தன் கண்ணப் பாத்துத்தான் வரைவாரு."

காலையில் ஜன்னலோரம் கண்ணாடிமுன் அப்பா உட்கார்ந்திருப்பதைக் கிளாடிஸ் தினமும் பார்த்திருக்கிறாள். மடியில் பலகை இருந்ததும் நினைவு வந்தது. ஷேவ் செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

எந்தப் படத்துக்கு ரொம்ப மெனக்கெட்டார் என்று கேட்டாள். சூலூர் தெய்வாத்தாள் வீட்டுப் படம் என்று அம்மா யோசிக்காமல் சொன்னாள்.

தெய்வாத்தாள் வீட்டில் முன்பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சுவரில், அவள் கணவர் படம். கண்ணாடிமேல் சந்தனப்பொட்டு, மேலே சிவப்புச் சின்ன பல்பு. மாதிரிக்கு ஒருமுறை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கேட்பதாகத்தான் பஸ்ஸில் முடிவு செய்திருந்தாள் கிளாடிஸ். அமாவாசை தோறும் படையல் வைக்கிற படம் என்று தெய்வாத்தாள் சொன்னதும் அப்படி மறைக்க மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். இந்தக் கண் உங்கள் வீட்டுக்காரருடையது அல்ல, எங்கள் அப்பாவுடையது என்றாள்.

தெய்வாத்தாள் படத்தைப் பார்த்தாள். தறியை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தாள். சத்தம் அடங்கியது.

"தெரியுமுங்க," என்றாள். "எங்கூட்டுக்காரருக்கு மாறுகண்ணு. ஊருக்கே தெரியும். படத்துல நேரா இருந்துச்சு. செத்த பொறவாச்சும் நேரானாரேன்னு நாங்களே சொல்லிச் சிரிச்சுக்குவோம்."

"அப்பாகிட்ட ஏனுங்கம்மா சொல்லலே?"

"சொன்னா மறுக்காத் திருப்பிப்போடுவாருல்ல?" தெய்வாத்தாள் முந்தானையால் கண்ணாடிச் சந்தனத்தைத் துடைத்தாள். "இருந்த காலம் பூராம் அந்தாளு என்னைப் பாக்கறாரா, பக்கத்தூட்டப் பாக்கறாரான்னு தெரியாது கண்ணு. படந்தான் என்னை நேராப் பாத்துச்சு."

ஸ்டூல் போட்டு அவளே படத்தை இறக்கினாள். அமாவாசைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், சுவர் காலியாக இருந்தால் படையல் யாருக்கு வைப்பது என்று மட்டும் சொன்னாள். பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள்.

ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கிளாடிஸ் சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கினாள். ஸ்கேனரில் படம் முழுதாக அடங்கவில்லை. கண் இருக்கும் இடத்தை மட்டும் வைத்தாள். இருப்பதிலேயே உயர்ந்த துல்லியம். விளக்கு மெதுவாக ஊர்ந்து வந்தது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கரித்தூள், தாளின் சொரசொரப்பு, ஒவ்வொரு இமைமுடியும் ஒரே இழுப்பில். கருமணியில் வெளிச்சம் விழுந்த இடத்தில் வட்டப் பொட்டு இல்லை. நீளமாக ஒரு வெள்ளைக் கட்டம், அதன் பாதி கறுப்பு. அவர்கள் வீட்டு ஜன்னலில் ஒரு கதவு துருப்பிடித்துத் திறக்காது. மற்றக் கதவு வழியாகத்தான் வெளிச்சம் வரும்.

இரண்டு கண்ணையும் வெட்டி, சுருக்கி, வாக்காளர் அட்டை முகத்தில் வைத்தாள். புருவத்துக்குக் கீழே தானாகப் பொருந்திக்கொண்டன. விளிம்பை மட்டும் மென்மையாக்கினாள். வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. ஆட்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்வரை அழுதாள்.

அச்சான அட்டையை அம்மா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவர்தான் என்றாள். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அட்டையைச் சற்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"நல்லா இருக்குது. ஆனா நம்மளப் பாக்கலியே கண்ணு. வேலையத்தான் பாத்துட்டிருக்காரு."

கிளாடிஸ் வாங்கிப் பார்த்தாள். கண் கொஞ்சம் சுருங்கி, ஒரு கோடு சரியா தப்பா என்று கணக்குப் பார்க்கிற பார்வை. கண்ணாடியில் தன்னைப் பார்த்து வரைந்தவருக்கு எதிரே வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அதை மாற்ற எந்தக் கருவியும் அவளிடம் இல்லை. அந்த அட்டைதான் ஆராதனையில் கொடுக்கப்பட்டது.

அமாவாசைக்கு முந்தின நாள் படத்தைச் சூலூருக்குக் கொண்டுபோனாள். தெய்வாத்தாள் அதைப் பழைய ஆணியில் மாட்டி, சந்தனம் வைத்து, பல்பைப் போட்டாள். சற்றுத் தள்ளி நின்று, சரியாக இருக்கிறது, என்னைத்தான் பார்க்கிறார் என்றாள். கிளாடிஸும் அவள் தோளோரம் போய் நின்று பார்த்தாள். தெய்வாத்தாள் காப்பி போட உள்ளே போய்த் திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றிருந்தாள்.

"தோணறப்பல்லாம் வா கண்ணு," என்றாள் தெய்வாத்தாள், டம்ளரை நீட்டியபடி. "ஊடு எப்பவும் தொறந்துதான் கெடக்கும்."